நான்காவது கேமரா பாடி வாங்கக் கிளம்பிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, இந்த பாடி சரியில்ல, மாத்திடலாம்னு இருக்கேன்" என்று அண்ணன் போனில் சொன்னதும் எனக்கு வந்தது சிரிப்புதான். 2020இல் இதையே சொன்னார், 2016இலும் சொன்னார். வார்த்தைகூட மாறவில்லை, நடுவில் கேமராதான் இரண்டு முறை மாறியிருந்தது. பாடி என்றால் எங்கள் தொழிலில் லென்ஸ் நீங்கலான கேமரா.

சொந்த அண்ணன் இல்லை, தொழிலில் மூத்தவர். மேடை நிகழ்ச்சி, கல்யாணம், நிறுவன விழா என்று பதினோரு வருடத்துக்கு மேலாகப் படம் எடுக்கிறார். பெரிய வேலை வந்தால் நான் இரண்டாவது கேமராவாகப் போவேன், ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவதும் பாதி நேரம் என் தலையில்தான் விழும். அதனால் வாடிக்கையாளர் கண்ணில் படாத படங்களும் எனக்கு அத்துப்படி. இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாத, பிராண்டும் போடாத, மத்ததெல்லாம் போட்டுக்கோ" என்றார். பிராண்ட் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, எந்தப் பக்கம் போனாலும் இதே கதையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

அதுவரை வாங்கிய மூன்று

முதல் பாடி 2013இல். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் வகை, ஒளியைப் படமாக்கும் சென்சார் அளவில் சின்னது (கிராப் சென்சார்), கூடவே வந்த கிட் லென்ஸ். பகல் வெளிச்சத்தில் அருமையாக இருக்கும், அரங்கத்துக்குள் போனால் மூச்சு வாங்கும். ஐஎஸ்ஓ (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 1600 வரை பொறுத்துக்கொள்ளலாம், 3200இல் கறுப்புத் துணி மேல் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி தெறிக்கும், அதற்கு மேல் போனால் படம் எடுத்ததும் ஒன்று எடுக்காததும் ஒன்று. இந்த 3200 என்கிற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது 2016இல், முழுச்சட்டக சென்சார் (பழைய ஃபிலிம் சட்டக அளவு), 24 மெகாபிக்சல், இரண்டு மெமரி கார்டு போடலாம். இந்தக் கொள்முதலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு நிகழ்ச்சியின் நடுவில் கார்டு செத்துப்போய், பாதி மாலை காணாமல் போனது. மீட்பு மென்பொருளை இரவெல்லாம் ஓடவிட்டுச் சில படங்களை எடுத்தோம். மீதியைக் கேட்டு அந்தக் குடும்பத்தார் வந்தபோது அண்ணன் முகத்தைப் பார்த்தவன் நான். எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் எழுதப்படுவது தொழில்காரனுக்கு ஆடம்பரம் ஆகாது.

மூன்றாவது 2020இல் வாங்கிய மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. இங்கேதான் கதை கொஞ்சம் கோணலாகிறது. இதுவும் முழுச்சட்டகம், இதுவும் 24 மெகாபிக்சல். கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் இருந்தது பயம். 2013இல் சோனி முழுச்சட்டக மிரர்லெஸ்ஸை ஆரம்பித்துவைத்தது, 2018இல் நிக்கானும் கேனானும் ஒரே சமயத்தில் புது மவுண்டோடு (லென்ஸ் மாட்டும் வளையம்) வந்தன. நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் 1959இலிருந்து இருப்பது, கேனானின் இஎஃப் 1987இலிருந்து. அவ்வளவு காலம் உழைத்ததை நிறுவனமே ஓரம் கட்டுகிறது என்றதும், "இனிமேல் பழையதுக்கு லென்ஸ் வராது, விலையும் போகாது, இப்பவே வித்துடு" என்று தொழிலில் எல்லோரும் ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை எங்கே நிற்கும்? அண்ணனும் அந்தக் கூட்டத்தோடு விற்றார், அடிமாட்டு விலைக்கு. லென்ஸை மட்டும் விற்க மனம் வரவில்லை. அடாப்டர் போட்டுப் பழைய எஃப் 4 ஜூமையே (இந்த எண் சிறியதானால் லென்ஸ் உள்ளே விடும் ஒளி கூடும்) மாட்டிக்கொண்டார், அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

அடுத்தது 2024. நான்காவதாக 45 மெகாபிக்சல் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார். இப்போதைய கேமராவில் படம் "சாஃப்ட்டா" வருகிறதாம், இருட்டில் தாங்கவில்லையாம்.

"ஒரு வாரம் பொறுங்கண்ணே. வாங்குறதுக்கு முன்னாடி கழிச்ச படத்தையெல்லாம் ஒருக்கா பார்த்துடலாம்" என்றேன். கொடுத்த படங்களைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அவையெல்லாம் ஏற்கெனவே தப்பிப் பிழைத்தவை. கேமரா எங்கே கைவிட்டது என்று தெரிய வேண்டுமானால் குப்பையைத்தான் கிளற வேண்டும்.

குப்பையைக் கிளறிய இரண்டு மாலைகள்

கடைசி ஆறு வேலைகளின் ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூலக் கோப்பு) அவரிடம் அப்படியே இருந்தன. அதில் தேர்வாகாத படங்களிலிருந்து கலந்துகட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் (திறந்திருந்த நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரு தாளில் இறக்கி, பக்கத்தில் ஏன் கழித்தோம் என்று ஒரு வரி எழுதினோம். கண் மூடியது, முதுகு காட்டியது, ஒரு நொடி தாமதம், குறுக்கே ஆள் வந்தது. இந்த வகைதான் பெரிய பங்கு. இதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை, வேகமாகச் சுடும் கேமரா கொஞ்சம் உதவும், அவ்வளவே.

அடுத்த பெரிய குவியல் அவர் "சாஃப்ட்" என்று சொன்னது. ஆடுகிற பெண்ணின் முகம் ஓரளவு தெளிவு, கை மட்டும் பஞ்சு மாதிரி. பேசுகிறவர் தலையைத் திருப்பிய இடத்தில் மூக்கு இரண்டாகத் தெரிந்தது. நான் ஐஎஸ்ஓ பத்தியை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். 3200, 3200, 2500, 3200, 3200, 3200. பக்கத்தில் ஷட்டர் பத்தி: 1/40, 1/30, 1/60, 1/40, 1/50.

"ஆட்டோ ஐஎஸ்ஓவோட உச்சவரம்பு எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். கேமரா தானாக ஐஎஸ்ஓவை எதுவரை ஏற்றலாம் என்கிற வரம்பு அது, அதற்கு மேல் ஏற முடியாவிட்டால் ஷட்டரை மெதுவாக்கித்தான் ஈடுகட்டும்.

"3200. அதுக்கு மேல போனா படம் ஒடஞ்சிரும்ல."

"எந்தக் கேமராவுல ஒடஞ்சுச்சு?"

பதில் வரவில்லை. கேமராவை எடுத்து மெனுவுக்குள் போனார், 3200ஐப் பார்த்தார், திரும்ப மூடி மேசையில் வைத்தார். புது பாடி வாங்கிய ஒவ்வொரு முறையும் முதல் வேலையாகப் பழைய பாடியில் என்னென்ன எப்படி வைத்திருந்தாரோ அதையெல்லாம் அப்படியே புதியதில் வைப்பது அவர் வழக்கம், கை பழகிவிட்டது என்பார். அந்தப் பழக்கத்தோடு பழகியே 2013இன் பயம் 2016க்கும் அங்கிருந்து 2020க்கும் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு முறை பாடி மாற்றினார், இரண்டு முறையும் அதை இருட்டுக்குள் போகவிடாமல் தன் கையாலேயே கதவைச் சாத்திவைத்திருந்தார்.

கணக்கு எளிது. ஆடுகிறவரின் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஒன்றும் பெரிய வேகம் இல்லை. ஷட்டர் 1/40 திறந்திருக்கும் நேரத்தில் அந்தக் கை 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், ஏறக்குறைய மூன்று விரல் அகலம். 1/250 என்றால் 8 மில்லிமீட்டர். 45 மெகாபிக்சல் பாடியில் எடுத்தாலும் அந்த 5 சென்டிமீட்டர் 5 சென்டிமீட்டர்தான், மங்கலை இன்னும் நுணுக்கமாகப் பதிவு செய்து கொடுக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் முன்பைவிட மோசமாகத் தெரியும். சாஃப்ட் என்று புலம்புகிறவர் அதிக மெகாபிக்சல் வாங்கினால் புலம்பல் கூடத்தான் செய்யும் என்பது இதனால்தான்.

சரி, வரம்பை 12800க்கு ஏற்றினால் அதே அப்பர்ச்சரில் 1/40 என்பது 1/160 ஆகிவிடும், ஒரு பைசா செலவில்லை. நாய்ஸ், அதாவது அந்தப் புள்ளித் தெறிப்பு, கூடும், ஆனால் நாய்ஸோடு தெளிவாக இருக்கும் முகத்தை வாடிக்கையாளர் வாங்கிக்கொள்வார், நாய்ஸ் இல்லாமல் இரண்டாகத் தெரியும் மூக்கை வாங்கமாட்டார்.

ஒளி விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருட்டில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதில் பெரும்பங்கு கேமராவின் குற்றமே இல்லை, வந்து சேர்ந்த ஒளியே அவ்வளவு குறைவு. மழை தூற ஆரம்பிக்கும்போது தரையில் துளிகள் திட்டுத் திட்டாக விழுகிற மாதிரி, கொஞ்சமாக வரும் ஒளி சீராக விழாது. இன்றைய சென்சார்கள் தம்மை வந்தடையும் ஒளியில் ஏறக்குறைய பாதியையாவது ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன. மீதிப் பாதியையும் ஒன்றுவிடாமல் பிடிக்கும் சென்சார் நாளைக்கே வந்தாலும் கிடைக்கும் லாபம் ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி. அண்ணன் பையில் எப்போதோ வாங்கித் தூசு படிந்து கிடந்த 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸோ, எஃப் 4 ஜூமைவிட ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும், அதாவது இரண்டு ஸ்டாப்புக்கும் மேலே. 1/40 அப்படியே 1/200 ஆகிறது. பல பிராண்டுகளில் மிக மலிவான லென்ஸே அதுதான். எஃப் 1.8இல் ஃபோகஸ் ஆழம் குறைவு, முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் மங்கிப்போவார், ஜூமும் கிடையாது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தொல்லைகளோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு அவர் பாடி தேடப் போகவில்லை, லென்ஸைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

புதுசு கொண்டுவந்த புது நோய்

மூன்றாவது குவியல் எனக்கே ஆச்சரியம். படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டை, ஜன்னல் திரை நிழல் விழுந்த மாதிரி. முகத்தில் ஒரு பட்டை பிரகாசம், ஒரு பட்டை மங்கல். எல்லாம் எல்இடி மேடை விளக்குக்குக் கீழே எடுத்தவை, எல்லாம் மூன்றாவது பாடி வந்த பிறகு எடுத்தவை. பழைய டிஎஸ்எல்ஆர் படங்களில் தேடிப் பார்த்தோம், இப்படி ஒன்றுகூட இல்லை.

மிரர்லெஸ் வந்ததும் அண்ணனுக்குப் பிடித்துப்போனது சத்தமில்லாத ஷட்டர். மேடையில் யாராவது உருக்கமாகப் பேசும்போது டக்கு டக்கென்று அடிக்காமல் இருக்கலாம் என்று அதையே எப்போதும் போட்டுவைத்திருந்தார். அந்த முறையில் பெரும்பாலான சென்சார்கள் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கின்றன. எல்இடி விளக்கோ நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது. விளக்கு எரியும்போது படித்த வரி பிரகாசம், அணைந்தபோது படித்த வரி இருட்டு. சாதாரண ஷட்டருக்கு மாற்றினால் இதில் பெரும்பாலானது போய்விடும். முழு சென்சாரையும் ஒரே கணத்தில் படிக்கும் கேமராவும் இருக்கிறது, 2023இல் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் தலைமுறை அப்படிப்பட்டது. பாருங்கள், ஒரு அப்கிரேடு கொண்டுவந்த நோய்க்கு இன்னொரு அப்கிரேடு மருந்தாக ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அண்ணனுக்கு மெனுவில் ஒரு பொத்தான் போதுமானதாக இருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இந்த இடத்தில் முடித்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் நான்காவதாக ஒரு சின்னக் குவியல் இருந்தது, அதில் கூடம் நிஜமாகவே கோணல். மேடையில் புகை, பின்னாலிருந்து நேராக கேமராவை நோக்கி விளக்கு, நடுவில் ஆள். ஷட்டர் சரி, ஐஎஸ்ஓ சரி, ஃபோகஸ் புள்ளியும் முகத்தின் மேல்தான், ஆனால் கேமரா முகத்தை விட்டுப் புகையைப் பிடித்திருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. புதிய தலைமுறை ஃபோகஸ் இந்த இடத்தில் உண்மையிலேயே தேவலாம். அதைத் தனியாகக் குறித்துவைத்தோம்.

படம் சொல்லவில்லை, அப்புறம் யார் சொன்னது?

இரண்டாவது மாலை முடிவில் அண்ணனுக்குக் கொஞ்சம் கோபம்தான். "அப்ப நான் சும்மா ஆசைப்படுறேன்னு சொல்றியா?" என்றார். இல்லை. அந்த அழுத்தம் நிஜம், படத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு வேலை செய்தோம். எங்கள் இருவருக்கும் நடுவே வாட்ஸ்அப்பில் கிடக்கும் பல வருடச் செய்திகளில் "பாடி" என்ற வார்த்தையைத் தேடினோம். சிரிப்பு தாங்கவில்லை. வேலை குவிந்து கிடந்த மாதங்களில் அந்த வார்த்தையே இல்லை, "நாளைக்கு எத்தனை மணிக்கு", "பேட்டரி ரெண்டு கொண்டு வா" என்பதுதான் இருந்தது. வேலை இல்லாத மாதங்களில் பாடி, பாடி, பாடி. கையில் கேமரா இருக்கும்போது தோன்றாத குறை, அது பையில் தூங்கும்போது தோன்றுகிறது. அந்த மாதங்களில்தான் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறோம். புது கேமராவைப் பற்றிப் பேசுகிறவருக்கு அது வந்த வாரத்தில்தான் பார்வையாளர் கூட்டம், நான்கு வருடம் பழையதைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. 2024 தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வேலைக்கு முன் ஒரு படிவம் அனுப்பினார், என்ன பாடி, எந்த வருடத்து மாடல், எத்தனை மெகாபிக்சல் என்று. அண்ணன் உள்ளதை உள்ளபடி எழுதினார், வேலை வேறொருவருக்குப் போனது. காரணம் அதுதானா என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர் மனதில் அதுதான் பதிந்தது. அன்று இரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு 45 மெகாபிக்சல் கேமராவின் இணைப்பு வந்திருந்தது. படத்தின் தரத்தைப் பார்த்து அளக்கத் தெரியாதவர் எண்ணை வைத்து அளக்கிறார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இதே தொழிலில் ஸ்டாக் படம் (யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும் படம்) விற்கும் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற இடங்கள் கேட்கும் குறைந்தபட்சம் 4 மெகாபிக்சல்தான். 2013இல் வாங்கிய பாடியே அதைப் பல மடங்கு தாண்டிவிட்டது.

விற்கிறவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பாவின் கணக்கில் 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் போயின, பத்து வருடத்தில் அது 1 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. சின்ன கேமரா வாங்கியவர்களை எல்லாம் செல்போன் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பவர்கள் அண்ணனைப் போன்றவர்கள்தான். புதிதாக வாங்க ஆள் வராதபோது ஏற்கெனவே வைத்திருப்பவர் திரும்ப வாங்கினால்தான் கடை ஓடும். அதில் சதி எதுவும் இல்லை, வியாபாரம். ஆனால் சில நேரம் கொஞ்சம் பச்சையாகவே தெரியும். 2018இல் வந்த நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் மூன்றிலும் ஒரே ஒரு கார்டுக்குத்தான் இடம். தொழில்காரர்கள் கத்தினார்கள். 2020இல் வந்த இசட்6, இசட்7 இரண்டாம் தலைமுறையிலும், கேனான் ஆர்5, ஆர்6இலும் இரண்டு கார்டு. அதே நிறுவனங்களின் டிஎஸ்எல்ஆரில் வருடக்கணக்காக இருந்த வசதி இது, நடுவில் காணாமல் போய் இரண்டு வருடம் கழித்துப் புது அம்சமாகத் திரும்பி வந்தது.

ஃபிலிம் காலத்தில் இந்த அரிப்பு இல்லை என்று சொல்லமாட்டேன், அப்போதும் லென்ஸ் பைத்தியங்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. படத்தின் தரம் பாதி ஃபிலிமில் இருந்தது, அதை ரோலுக்கு ரோல் மாற்றலாம். 60களில் வாங்கிய பாடியில் 90களின் ஃபிலிமைப் போட்டால் அந்தப் பாடிக்கு 90களின் சென்சார் கிடைத்த மாதிரி. டிஜிட்டலில் ஃபிலிமை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள், இனி ஃபிலிம் மாற வேண்டுமானால் கேமராவையே மாற்ற வேண்டும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் லைக்கா கேமராவையும் 50 எம்எம் லென்ஸையும் வைத்துக்கொண்டே பெரும்பாலான வாழ்நாளை ஓட்டினார் என்று உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் அவருக்கு யாரும் மெகாபிக்சல் படிவம் அனுப்பவில்லை.

(நானும் யோக்கியன் இல்லை. 70-200 எஃப் 2.8 ஒன்று அலமாரியில் இருக்கிறது. அது இல்லாமல் தொழிலே இல்லை என்று சொல்லி வாங்கினேன். கனம் தாங்காமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அண்ணன் வரும்போது அலமாரிக் கதவைச் சாத்திவைப்பேன்.)

வாடகைக்கு ஒரு வாரக்கடைசி

வாங்காமலே பார்த்துவிடலாம் என்று, அவர் குறித்துவைத்திருந்த அதே 45 மெகாபிக்சல் பாடியை ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்தோம். பெட்டியைத் திறந்ததும் அண்ணன் கை நேராக மெனுவுக்குப் போனது, ஆட்டோ ஐஎஸ்ஓ, உச்சவரம்பு, கட்டைவிரல் கீழே கீழே உருட்டிக்கொண்டே 6400ஐத் தாண்டி 3200இல் போய் நின்றது. நான் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மேலே உருட்டினார்.

படங்கள் நன்றாக வந்தன. புகை மேடையிலும் ஃபோகஸ் தடுமாறவில்லை. இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் படுக்கைவாட்டில் அகலமாக எடுத்துவிட்டுப் பிறகு அதிலிருந்து செங்குத்தாக வெட்டுகிறவர். 24 மெகாபிக்சலில் 6000க்கு 4000 பிக்சல், அதிலிருந்து 4க்கு 5 விகிதத்தில் செங்குத்தாக வெட்டினால் கையில் நிற்பது 13 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. 45இலிருந்து அதே வெட்டு 24 மெகாபிக்சலுக்குக் கிட்டத்தட்ட வரும். வெட்டுகிறவருக்கு இது நிஜமான வசதி, வெட்டாதவருக்கு இல்லை. 12க்கு 18 அங்குல அச்சுக்கே அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) கணக்கில் 5400க்கு 3600 பிக்சல்தான் வேண்டும், வெட்டாத 24 மெகாபிக்சலே போதும். இன்ஸ்டாகிராமுக்கு அகலம் 1080 பிக்சல். எண்ணிக்கை 24இலிருந்து 45க்குத் தாவினாலும் நீள அகலத்தில் கூடுவது ஒவ்வொரு பக்கமும் 37 சதவீதம் மட்டுமே, பெயரைக் கேட்டால் இரண்டு மடங்கு மாதிரி இருக்கும்.

வேதனை வீட்டுக்கு வந்த பிறகுதான். 14 பிட் ரா கோப்பு சுருக்காமல் 24 மெகாபிக்சலில் 42 எம்பி, 45இல் 79 எம்பி. 3000 படம் எடுத்தால் 126 ஜிபியும் 237 ஜிபியும். அண்ணன் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் வைப்பவர், அப்படியானால் ஒரே நிகழ்ச்சிக்கு அரை டெராபைட்டை நெருங்குகிறது. கணினி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அடுத்ததைக் காட்டியது. இரவு ஒரு மணிக்கு அவர் கேட்டது, "அப்ப கம்ப்யூட்டரும் மாத்தணுமா?" பாடியின் விலைப்பட்டியலில் எழுதாத வரிகள் இவை. கார்டு, டிஸ்க், கணினி, அப்புறம் அந்த சென்சாருக்கு ஈடுகொடுக்கும் லென்ஸ்.

வாடிக்கையாளரிடமிருந்து படங்களைப் பற்றி வந்தது ஒரே ஒரு கேள்விதான், தாத்தாவோடு எடுத்த படம் எங்கே என்று.

வாங்காமல் செய்தவை

வரம்பு 12800, ஆட்டோவில் குறைந்தபட்ச ஷட்டர் 1/250, எல்இடி கண்டால் சாதாரண ஷட்டர், 50 எம்எம் பையின் முன்னறைக்கு. நான்கு வருடமாகத் தொடாமல் இருந்த ஃபர்ம்வேரையும் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்தோம். இதை நிறையப் பேர் செய்வதில்லை. 2019இல் சோனி ஏ7 மூன்றாம் தலைமுறைக்கு விலங்குகளின் கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸே ஒரு இலவசப் புதுப்பிப்பில்தான் வந்து சேர்ந்தது, வேறு பிராண்டுகளும் இப்படித் தருவதுண்டு.

2023 ஏப்ரலில் லைட்ரூம் என்கிற படத் திருத்த மென்பொருளில் வந்த செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கத்தை அண்ணன் தொட்டதே இல்லை, "அது ஏமாத்து வேலை" என்பார். முதல் பாடியில் எடுத்த 2014ஆம் வருடத்து ரா ஒன்றைத் தேடி எடுத்து, அவர் சொல்லாமல் நானே ஓடவிட்டேன். 3200இல் எடுத்தது, கறுப்புத் துணி, அதே சிவப்பு நீலப் புள்ளி. ஓடி முடிந்ததும் திரையைப் பார்த்து, "இது எந்த பாடில எடுத்தது, ரெண்டாவதா?" என்றார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அந்தப் படத்தில் ஆடிக்கொண்டிருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரா கோப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பழைய கேமரா இப்படித் தானாக வயது குறைந்துகொள்ளும் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தோல் சில படங்களில் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது, எல்லாவற்றுக்கும் போடக்கூடாது.

படிவம் அனுப்பும் ஏற்பாட்டாளர்களுக்கு வேறு வழி வைத்துக்கொண்டோம். அப்படிப்பட்ட வேலை வந்தால் வாடகைப் பாடி, அந்த வாடகை வேலையின் செலவுக் கணக்கில் சேரும். பதினான்கு மாதத்தில் இரண்டு முறை தேவைப்பட்டது.

இன்னும் ஒரு ஏற்பாடு, அது அவருடைய யோசனைதான், என்னுடையது இல்லை. போனில் ஒரு குறிப்பு திறந்துவைத்திருக்கிறார். கேமராவால், கேமராவால் மட்டுமே ஒரு படம் போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றினால் அதில் ஒரு வரி எழுத வேண்டும், தேதியோடு. ஒரே காரணம் ஐந்து முறை வந்தால் வாங்கலாம். ஐந்து என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை, பத்து என்றேன், பேரம் பேசிக் குறைத்தார். போன மாதம் வரை மொத்தம் ஐந்து வரிகள் இருந்தன. ஒன்று அடைமழையில் ஈரம் போனது, இன்னொன்று பேட்டரி என்று அவர் எழுதி நான் அடிக்கச் சொன்னது, அடிக்கவில்லை. மீதி மூன்றும் புகைக்குள் பின்விளக்கில் தவறிய ஃபோகஸ்.

நேற்று போன் செய்தார். அந்தப் புகைக் கணக்கில் நான்காவது வரி வந்துவிட்டதாம். குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

"படத்தை அனுப்புங்கண்ணே, நானும் பார்க்கணும்ல" என்றேன். இன்னும் அனுப்பவில்லை.